நிலாவெளி மணலில் கேரவன்: கொழுவுவது முதல் கால் ஊன்றுவது வரை

திருகோணமலையில் வாகனத்துக்குப் பின்னால் எதையாவது கொழுவி இழுப்பது யாருக்கும் புதிதில்லை. உழவு மெசினுக்குப் பின்னால் நெல் மூட்டையோடு பெட்டி போகும், கெப்புக்குப் பின்னால் ட்ரெயிலரில் பைபர் போட் போகும். அதனால்தான் உள்ளே படுத்துத் தங்கும் இழுவை வண்டியான கேரவன் ஒன்று கைக்கு வந்ததும் பலர் அதைப் பெட்டி மாதிரியே நினைத்துக் கொழுவிக்கொண்டு வெளிக்கிடுகிறார்கள். பெட்டி ஊர்ந்து போவது. கேரவன் 60 கிலோமீற்றர் வேகத்தில், ஆளுயரத்துக்கு மேலான சுவரைக் காற்றுக்குக் காட்டியபடி போவது. இரண்டுக்கும் சில்லு இருக்கிறது என்பதைத் தவிர வேறு ஒற்றுமை அதிகமில்லை.

கேரவன் விடயத்தில் நான் யாருக்கும் முதலில் சொல்வது எடையைப் பற்றித்தான். மொத்தம் எவ்வளவு என்பது பாதிதான்; அந்த எடை எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பது மற்றப் பாதி. வீதியில் வால் ஆட்டுவதும், மணலில் கேரவனின் மூலைக் கால் புதைவதும், கதவு இறுகுவதும் எல்லாம் இந்த ஒரு கேள்வியில்தான் வந்து நிற்கும்.

கேரவனில் ஒரு தகடு இருக்கும். வெறுமையாக எத்தனை கிலோ, சாமான் ஏற்றினால் அதிகபட்சம் எத்தனை கிலோ என்று அதில் இருக்கும். இழுக்கும் வாகனத்தின் கையேட்டில் அது எவ்வளவு இழுக்கலாம் என்று இருக்கும். இந்த இரண்டு இலக்கங்களையும் பார்க்காமல் விலை பேசக்கூடாது. புதிதாக இழுப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு: சாமானோடு சேர்த்துக் கேரவனின் எடை, இழுக்கும் வாகனத்தின் வெற்று எடையில் 85 வீதத்தைத் தாண்டாமல் இருந்தால் நல்லது. 1,900 கிலோ டபுள் கெப் என்றால் சுமார் 1,600 கிலோ வரை. 1,100 கிலோ கேரவனை அது சுகமாக இழுக்கும். 1,000 கிலோ கார் என்றால் 850 கிலோவோடு நிற்க வேண்டும். பதிவு, காப்புறுதி விடயங்களை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் உங்கள் காப்புறுதிக் கம்பனியிலும் முதலே கேட்டுக்கொள்ளுங்கள். கெப்பின் காப்புறுதி பின்னால் வருவதையும் சேர்த்துக் காக்கும் என்று தாமாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

சாமான் ஏற்றும்போது பாரமானவை எல்லாம் அச்சுக்கு மேலேயும் அதற்குச் சற்று முன்னாலேயும், தரையோடு இருக்க வேண்டும். அரிசி, டின், கருவிப்பெட்டி, பந்தல் சீலை கட்டும் கம்பிகள் எல்லாம் கீழே. மேல் அலுமாரிக்கு உடுப்பும் தலையணையும் போதும். பின் அந்தத்தில் பாரம் எதுவும் கூடாது. தண்ணீர் ஒரு லீற்றர் ஒரு கிலோ. 40 லீற்றர் தாங்கியை நிரப்பிக்கொண்டு போவது ஒரு பிள்ளையை ஏற்றிக்கொண்டு போவதற்குச் சமம். போய்ச் சேர்ந்த இடத்தில் நிரப்புவதே புத்தி. அதிலும் அரைகுறையாக நிரம்பிய தாங்கி உள்ளே அலையடித்து வண்டியை ஆட்டும்.

இனி மூக்கு எடை. கொழுவும் தலை வாகனத்தின் உருண்டையில் எத்தனை கிலோ அழுத்துகிறது என்பதுதான் அது. சிறிய கேரவனுக்கு மொத்த எடையில் 5 முதல் 7 வீதம் இருக்க வேண்டும். சாமானோடு 1,000 கிலோ என்றால் 50 முதல் 70 கிலோ. உருண்டை பொருத்தியிருக்கும் இரும்புச் சட்டமான டோ பாருக்கும் ஒரு எல்லை உண்டு, அதையும் தாண்டக்கூடாது. இதை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். வீட்டில் உடல் நிறை பார்க்கும் தராசு போதும். சீமெந்துத் தரையில் கேரவனை நிறுத்தி, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். கொழுவும் தலைக்கு நேர் கீழே தராசை வைத்து, அதன் மேல் ஒரு துண்டுப் பலகை, பலகையின் மேல் இரண்டுக்கு இரண்டு மரத்துண்டு ஒன்றை நிமிர்த்தி வையுங்கள். மரத்தின் நீளம், தலை வழக்கமாக உருண்டையில் இருக்கும் உயரத்துக்கு வரும்படி வெட்டியிருக்க வேண்டும். இப்போது கேரவனின் மூக்கைத் தாங்கி நிற்கும் முன் சிறு சில்லை மெதுவாகச் சுற்றி மேலே எடுங்கள். சில்லு தரையை விட்டு ஒரு சென்ரிமீற்றர் எழும்பினால் போதும். மரம் வழுக்கினாலும் சில்லு தாங்கிக்கொள்ளும். காலைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். தராசு 40 காட்டினால் ஏதாவதொரு பாரத்தை முன்னுக்கு நகர்த்துங்கள், 90 காட்டினால் பின்னுக்கு. பத்துக் கிலோக் கருவிப்பெட்டியை ஒரு மீற்றர் நகர்த்தினாலே தராசில் வித்தியாசம் தெரியும்.

மூக்கு எடை குறைந்தால் வால் கனக்கும், வால் கனத்தால் வண்டி ஊஞ்சல் போல ஆடத் தொடங்கும். கூடினால் கெப்பின் பின்புறம் அமர்ந்து முன் சில்லுகளில் பாரம் குறையும். ஸ்டியரிங் இலேசாகிப் பிடிமானம் போகும், இரவில் உங்கள் முன் லைட் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும்.

உருண்டை விடயத்தில் ஏமாற ஒரு இடம் இருக்கிறது. ஐரோப்பியக் கேரவன்களின் தலை 50 மில்லிமீற்றர் உருண்டைக்குச் செய்தது. உள்ளூரில் டோ பார் அடிப்பவர்கள் சில வேளை இரண்டு அங்குல உருண்டையைப் போட்டுவிடுவார்கள், அது 50.8 மில்லிமீற்றர். கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். 50க்குச் செய்த தலை அதில் சரியாகப் பூட்டாது, அல்லது இறுகித் தேயும். மாறி, இரண்டு அங்குலத் தலைக்கு 50 உருண்டை என்றால் பள்ளத்தில் துள்ளும்போது கழன்று போகவும் கூடும். உருண்டையின் மேல் பொறித்திருக்கும் இலக்கத்தைப் பாருங்கள். இல்லாவிட்டால் வேர்னியரால் அளந்து பாருங்கள், கண்மதிப்பை நம்ப வேண்டாம். உயரமும் முக்கியம். ஐரோப்பிய அளவுப்படி, பாரம் ஏற்றிய நிலையில் உருண்டையின் நடுப்பகுதி தரையிலிருந்து 35 முதல் 42 சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டும். நம் கெப்புகள் உயரமானவை. அப்படியே கொழுவினால் கேரவன் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும், பாரம் வாலுக்குப் போகும். டோ பாரை இறக்கிப் போடச் சொல்லுங்கள். கேரவன் மட்டமாக, அல்லது மூக்கு ஒரு சொட்டுத் தாழ்வாக நிற்க வேண்டும்.

கிறீஸ் பூசுவதா என்று எல்லோரும் கேட்பார்கள். சாதாரணத் தலை என்றால் பூசுங்கள். ஆட்டத்தைக் குறைக்க உள்ளே உராய்வுப் பட்டைகள் வைத்த தலை என்றால் பூசவே கூடாது. உருண்டையில் பெயின்ற் இருந்தாலும் உரசி எடுத்துவிட வேண்டும். பட்டையில் எண்ணெய் பட்டால் அதன் வேலை முடிந்தது.

கொழுவும்போது தலையை உருண்டைக்கு மேல் கொண்டுவந்து, சிறு சில்லைச் சுற்றி இறக்க, ‘டக்’ என்ற சத்தத்தோடு அமரும். அந்தச் சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். சிறு சில்லை மறுபடி இரண்டு மூன்று சுற்றுக் கீழே இறக்குங்கள். கெப்பின் பின்புறமும் சேர்ந்து மெல்ல எழும்பினால் பூட்டிவிட்டது. தலை மட்டும் தனியே எழும்பினால் பூட்டவில்லை. அடுத்தது மெல்லிய இரும்புக் கம்பி ஒன்று. கேரவன் ஓட்டத்தில் கழன்றால் அந்தக் கம்பிதான் அதன் ஹான்ட் பிறேக்கை இழுத்துவிட்டு அறும். அதை டோ பாரில் அதற்கென்று இருக்கும் வளையத்தில் மாட்டுங்கள். வளைவில் இழுபடாத அளவுக்குத் தளர்வும், வீதியில் உரசாத அளவுக்கு இறுக்கமும் வேண்டும். பிறேக் இல்லாத சிறிய வகை என்றால் அதன் இடத்தில் சங்கிலி. இரண்டு சங்கிலியைத் தலைக்குக் கீழே குறுக்காகப் போட்டு மாட்டினால் கழன்ற மூக்கு நிலத்தில் குத்தாமல் சங்கிலி ஏந்தும். பிறகு வயர் பிளக், சிறு சில்லை முழுதாக உயர்த்தி இறுக்குவது, கடைசியாகக் கேரவனின் ஹான்ட் பிறேக்கை விடுவது. கடைசியில் சொன்னதை மறந்தவர்கள் சில்லுப் புகைந்த பிறகுதான் நிற்பார்கள்.

ஏழு முனைப் பிளக்கில் நம் ஊரில் வரும் பழுதில் பெரும்பங்கு உப்புக் காற்றின் வேலை. சிக்னல் போடும்போது பின் லைட்டும் சேர்ந்து மின்னினால் பல்பை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம், எர்த் வயர் பிடிக்கவில்லை என்று அர்த்தம். வழமையான ஏழு முனை முறையில் அது வெள்ளை வயர். மஞ்சள் இடது சிக்னல், பச்சை வலது சிக்னல், சிவப்பு பிறேக் லைட். முனைகளை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துக் கொஞ்சம் வசலீன் பூசிவிட்டால் பல மாதம் தொல்லை இருக்காது.

டயரில் தேய்மானத்தை விட வயதுதான் பிரச்சினை. கேரவன் வருடத்தில் பாதி வெயிலில் சும்மா நிற்கும். பூ நன்றாகவே இருக்கும், பக்கச்சுவர் வெடித்திருக்கும். பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ஐந்து வருடம் கடந்தால் மாற்ற யோசியுங்கள், ஏழு கடந்தால் யோசிக்க ஒன்றுமில்லை. வான்களுக்குப் போடும் 185ஆர்14சி வகையில் 102 என்று பாரச் சுட்டெண் இருந்தால் ஒரு டயர் 850 கிலோ தாங்கும். கார் டயரைக் கொண்டுவந்து பொருத்தித் தருவார்கள், வாங்காதீர்கள். காற்றை, டயர் சூடேறும் முன், காலையில் பாருங்கள்.

சில்லு நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக இறுக்கி, முதல் ஐம்பது கிலோமீற்றருக்குள் ஒருமுறை நிறுத்தித் திரும்பப் பார்க்க வேண்டும். திருகோணமலையில் இருந்து ஏ-6 வீதியால் வெளிக்கிட்டால் கந்தளாய் அதற்குத் தோதான இடம். தேத்தண்ணிக்கு முன் நட்டைப் பாருங்கள், புறங்கையை இரண்டு பக்கச் சில்லின் நடுவுக்கும் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கொதித்தால் பிறேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது பெயாரிங் போகிறது. அப்படியே ஹபறணை போய்ச் சேரலாம் என்று நினைக்க வேண்டாம்.

ஓட்டத்தில் 50, 60க்கு மேல் தேவையில்லை. முன்னால் போகும் வாகனத்துக்கு வழக்கத்தை விட இரண்டு மடங்கு இடைவெளி விடுங்கள். கேரவனின் சில்லு எப்போதும் வளைவின் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். உப்புவெளியில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகளில் மதில் மூலையை உரசுவது அதனால்தான். வாகனத்தின் மூக்கைக் கொஞ்சம் தாண்ட விட்டுத் தாமதமாகத் திருப்புங்கள். கொழும்பு பஸ் முந்தும்போது முதலில் அதன் காற்று உங்களை வெளியே தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்து, காலை மெல்ல எடுத்து, பஸ்ஸைப் போக விடுங்கள். கிண்ணியாப் பாலம் 396 மீற்றர் நீளம், மேலே மறைப்பு எதுவுமில்லை. பக்கக் காற்று நாளில் அதில் 40க்கு மேல் போகக் கூடாது.

வண்டி பாம்பு போல நெளியத் தொடங்கினால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: எக்ஸிலேற்றரில் இருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேரே பிடித்துக்கொண்டிருப்பது. பிறேக்கை மிதித்தால் பின்னால் இருப்பது முன்னால் இருப்பதைத் தள்ளும். ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டினால் நீங்கள் வெட்டும் நேரத்துக்கு வண்டி மறுபக்கம் போயிருக்கும், ஆட்டம் கூடும். வேகம் கூட்டினால் நேராகும் என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். நின்ற பிறகு, சாமானைத் திறந்து பாரம் எங்கே போனது என்று பாருங்கள்.

கந்தளாய்க்கும் ஹபறணைக்கும் இடையில் யானை வீதிக்கு வரும். காரில் போகிறவர் பின்னால் எடுத்துத் தப்பலாம். கேரவனோடு அது முடியாது. அந்தத் துண்டைப் பகலிலேயே கடந்துவிடுங்கள். நிலாவெளி வீதியில் இரவில் மாடுகள் தார் றோட்டில் படுத்திருக்கும், அதுவும் இதே கதைதான். கோணேசர் கோயிலுக்குப் போவதென்றால் கேரவனை வெளியே விட்டுவிட்டு வாகனத்தோடு மட்டும் போங்கள். கோட்டை வாசல் ஒடுக்கம், உள்ளே மான்களும் சனமும் நடக்கும் வீதி.

பின்னால் எடுப்பதுதான் எல்லோருக்கும் பயம். வெற்று மைதானத்தில் நான்கு தண்ணீர்க் கான்களை வைத்து ஒரு பின்னேரம் பழகினால் பயம் போய்விடும். ஸ்டியரிங்கின் அடியில், ஆறு மணி இருக்கும் இடத்தில், ஒரு கையால் பிடியுங்கள். கேரவனின் வால் வலப்பக்கம் போக வேண்டுமானால் கையை வலப்பக்கம் கொண்டுபோங்கள், இடம் என்றால் இடம். நேராக்க இன்னொரு வழி: எந்தப் பக்கக் கண்ணாடியில் கேரவன் பெரிதாகத் தெரிகிறதோ அந்தப் பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். நம் வாகனங்களில் சாரதி வலப்பக்கம் இருப்பதால் வலப்பக்கம் திரும்பும்படி இடத்தைத் தெரிவு செய்தால் தலையை வெளியே நீட்டிப் பார்க்கலாம். மடிந்து வருகிறது என்று பட்டால் உடனே நிறுத்தி, முன்னால் போய், திரும்பத் தொடங்குங்கள். முன்னால் எடுப்பதில் வெட்கப்பட எதுவுமில்லை. வெட்கத்தில் தொடர்ந்து பின்னால் எடுத்தவர்களின் கெப் மூலைகளில்தான் நெளிவு இருக்கும்.

இனி மணல். நிலாவெளி, குச்சவெளி கரைகளில் கேரவன் நிறுத்தும் இடத்தை அடம்பன் கொடியே காட்டித் தரும். கொடி அடர்ந்து படர்ந்த மணல் ஓரளவு கட்டுப்பட்ட மணல். அதற்குக் கடல் பக்கமாக உள்ள வெறும் மணலுக்கு இறங்கவே கூடாது, இராவணன் மீசை என்ற முள்ளுப் புல் திட்டுத் திட்டாக நிற்கும் மணல்மேட்டிலும் ஏறக்கூடாது. கொடியையும் மிதித்து அழிக்காமல், அதற்கு நிலப்பக்கமாக, புல்லும் கிறவலும் கலந்த இடத்தில் நிற்பாட்டுங்கள். முதலில் இறங்கி நடந்து, குதிக்காலை அழுத்திச் சுழற்றிப் பாருங்கள். இரண்டு விரற்கடைக்கு மேல் புதைந்தால் கேரவனின் சில்லு அச்சு வரை போகும். தென்னைக்குக் கீழே நிழலுக்கு ஆசைப்பட வேண்டாம். தேங்காய் ஒன்று கூரையைப் பிளக்கும், கச்சான் காற்றில் மட்டை விழும்.

கச்சான் என்றதும் திசை. ஆனி, ஆடி, ஆவணியில் இங்கே காற்று தென்மேற்கில் இருந்து, நிலத்தில் இருந்து கடலுக்கு வீசும். கேரவனின் மூக்கை நிலப்பக்கம் காற்றைப் பார்க்க நிறுத்தினால் பக்கச் சுவரில் அடி படாது, பின் யன்னல் கடலைப் பார்க்கும், போகும்போது கெப்பைக் கொண்டுவந்து நேரே கொழுவிக்கொண்டு வெளிக்கிடலாம். பந்தல் சீலையை இரவில் சுருட்டி வைத்துவிட்டுப் படுங்கள். மணலில் ஆணி பிடிக்காது. மண் நிரப்பிய உரப்பையைக் கயிற்றில் கட்டி ஒரு அடி ஆழத்தில் புதைத்தால் பிடிக்கும்.

மட்டம் எடுக்கும்போது முதலில் குறுக்கு, பிறகுதான் நெடுக்கு. மேசன்மார் வைத்திருக்கும் மட்டக்கோலை வாசல் தரையில் குறுக்காக வையுங்கள். எந்தப் பக்கம் பதிவோ அந்தச் சில்லின் கீழ் பலகை வைத்து, இன்னும் கொழுவியபடியே கெப்பால் மெதுவாக ஏற்றுங்கள். ஒரு அங்குலத் தடிப்பில் 60 சென்ரிமீற்றர் நீளப் பலகை நான்கு வைத்திருந்தால் பெரும்பாலான இடத்துக்குப் போதும். டயரின் முழு அகலமும் பலகையில் இருக்க வேண்டும், பாதி வெளியே தொங்கினால் பக்கச்சுவர் உள்ளுக்குள் கிழியும். பிறகு ஹான்ட் பிறேக், இரண்டு சில்லுக்கும் முன்னும் பின்னும் கட்டை. கட்டை வைக்கும் முன் கழற்றவே கூடாது. கழற்றிய பிறகு சிறு சில்லைச் சுற்றி நெடுக்கு மட்டம் எடுங்கள். அந்தச் சில்லின் கீழ் ஒரு அடிக்கு ஒரு அடி தடித்த பிளைவுட் துண்டு வையுங்கள். வெறும் மணலில் விட்டால் இரவுக்குள் மூக்குப் புதைந்திருக்கும்.

நான்கு மூலைக் கால்களும் ஜக் இல்லை. இங்கேதான் அதிகம் பேர் பிழை விடுகிறார்கள். மட்டம் எடுக்கக் காலால் தூக்கினால் அடிச்சட்டம் முறுகும்; அடுத்த நாள் கதவு இறுகும், யன்னல் பூட்டாது. மட்டம் முழுதாக எடுத்த பிறகு, காலின் கீழ் பலகை வைத்து, அது தரையைத் தொட்டு இறுகியதும் அரைச் சுற்று, அவ்வளவுதான். பாரம் சில்லில் இருக்க வேண்டும், கால் ஆட்டத்தை நிறுத்த மட்டும். கால் ஊன்றும் வரை யாரையும் உள்ளே விட வேண்டாம், முக்கியமாகப் பிள்ளைகளை. எல்லோரும் பின்பக்கம் ஓடினால் மூக்கு எழும்பி வால் நிலத்தில் குந்தும். மணலில் முதல் இரவு கழிந்ததும் காலையில் நான்கு காலையும் திரும்ப ஒருமுறை சுற்றிப் பாருங்கள், குறைந்தது இரண்டு காலாவது தளர்ந்திருக்கும்.

கரண்ட் பக்கத்துக் கெஸ்ட் ஹவுஸில் எடுப்பதென்றால் 2.5 சதுர மில்லிமீற்றர் மூன்று கம்பி வயர் வேண்டும். எர்த் இல்லாத இரண்டு கம்பி எக்ஸ்ரென்சன் வேண்டவே வேண்டாம். உங்கள் கேரவன் ஒரு தகரப் பெட்டி, ஈரக் காலோடு கடலில் இருந்து வருபவர்தான் கதவைத் தொடுவார். உருளையில் சுற்றிய வயரை முழுதாக அவிழ்த்துப் போடுங்கள், சுற்றியபடி பாவித்தால் சூடேறி உருகும். முதலில் கேரவன் பக்கம், பிறகு சுவர்ப் பக்கம் சொருகுங்கள். கழற்றும்போது சுவர்ப் பக்கம் முதல். சொருகியதும் ட்ரிப் சுவிட்ச்சின் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள், விழ வேண்டும். 13 அம்பியர் பிளக் சுமார் 3,000 வோட் வரைதான். ஏசி ஓடும்போது கேத்திலைப் போடாதீர்கள்.

காஸ் காற்றை விடக் கனம். கசிந்தால் தரையில் தங்கும். அதற்காகத்தான் கேரவன் தரையில் துளைகள் இருக்கின்றன. குளிர்கிறது, எறும்பு வருகிறது என்று அதை அடைப்பவர்கள் இருக்கிறார்கள், காற்றுக்கு மறைப்பாக அடியில் மணலைக் குவிப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் ஆபத்து. சிலிண்டர் நிமிர்ந்து, பட்டியால் கட்டி இருக்க வேண்டும். இணைப்பில் சவர்க்கார நுரை பூசிப் பார்த்து, குமிழி வந்தால் பாவிக்க வேண்டாம். வெளிநாட்டுக் கேரவனின் ரெகுலேட்டர் நம் சிலிண்டருக்குப் பெரும்பாலும் பொருந்தாது. இடையில் எதையாவது வைத்துக் கட்டாமல் சரியான ரெகுலேட்டரும் குழாயும் மாற்றுங்கள். ஓட்டத்தில் வால்வு பூட்டியிருக்க வேண்டும்.

கழிவுத் தண்ணீரை மணலில் விடக்கூடாது. கரையோரத்தில் சில அடியிலேயே தண்ணீர் இருக்கிறது, பக்கத்து வீட்டார் அதைத்தான் அள்ளுகிறார்கள். குழாயின் கீழ் வாளி வைத்து, கழிப்பறைப் பெட்டியையும் வாளியையும் கெஸ்ட் ஹவுஸ் கழிப்பறையில் கொட்டுங்கள்.

வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரால் அடிச்சட்டம், பிறேக் கேபிள், சில்லின் உள்பக்கம் எல்லாம் கழுவுங்கள், மேலே கழுவுவதை விட அது முக்கியம். ஐப்பசி கடந்து வாடை தொடங்கும் முன், கேரவனை மணலில் இருந்து எடுத்துச் சீமெந்துத் தரைக்குக் கொண்டுவந்து, ஹான்ட் பிறேக்கை விட்டுக் கட்டை மட்டும் கொடுத்து நிறுத்துங்கள். மழைக் காலம் முழுக்கப் பிடித்தபடி விட்டால் தை மாதத்தில் பிறேக் சப்பாத்து டிரம்மோடு ஒட்டிப்போயிருக்கும். பிளக்கை ஒரு பொலித்தீன் பையில் வாய் கீழே பார்க்கக் கட்டித் தொங்கவிடுங்கள்.